உன் பாடத்தை நான் படித்த நாட்கள்

என் பிரியமுள்ள மாப்பிள்ளை இஸ்மாயிலுக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. நீ இருந்தால் இரண்டு வார்த்தையில் பிரித்து வைத்துவிடுவாய். காலேஜில் நம் இருவரில் தர்க்க சாஸ்திரம் எடுத்தவன் நீதானே. கணக்கு எடுத்த எனக்கு இது எந்தப் பக்கமும் சரியாக வரவில்லை.

ஐப்பசி மழையில் உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனது. நாற்பதாம் நாள் ஓதி முடித்த பிறகு, உன் அறையில் விட்டுப்போன என் கணக்குப் புத்தகத்தை எடுக்கக் கோட்டைமேட்டில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அத்தா தன் பெட்டிக்கடைக்குப் போயிருந்தார். உன் அம்மா வழக்கம்போல உள்கட்டில் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். இரண்டு வருஷமாக அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவன் நான். ஆனால் அம்மாவின் குரலைத்தான் தெரியும், முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை.

"வந்தது வந்த, கொஞ்ச நேரம் உக்காந்து படிச்சுட்டுப் போ கண்ணு. அந்த ரூமுல சத்தமே இல்லாமக் கெடக்குது" என்றார்கள்.

உட்கார்ந்து கணக்கைப் போட ஆரம்பித்தேன். சற்றுப் பொறுத்து, "படிக்கறயா கண்ணு?" என்று குரல் வந்தது. ஒரு தேற்றத்தை வாய்விட்டுப் படித்தேன். "அவன் இப்படிப் படிக்கமாட்டானே" என்றார்கள்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நாம் சேர்ந்து படித்த சாயங்காலங்களில் அந்த வீட்டில் கேட்டது உன் குரல் மட்டும்தான். நான் பக்கத்தில் பேசாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். நீ சுவருக்குச் சுவர் நடந்துகொண்டே ரோமாபுரி சரித்திரத்தைப் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் படிப்பாய். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. உன் இங்கிலீஷின் ஏற்ற இறக்கம் மட்டும் மனப்பாடம். அலமாரியிலிருந்து உன் சரித்திரத்தை எடுத்து உன்னைப் போலவே படித்தேன். திரைக்கு அந்தப்பக்கம் சின்னச் சத்தம்கூட இல்லை. கிளம்பும்போது, "நாளைக்கும் வாரயா?" என்று கேட்டார்கள். வாரேனுங்கம்மா என்று சொல்லிவிட்டேன்.

தினமும் போனேன் மாப்பிள்ளை. சரித்திரம் முடிந்து தர்க்கத்துக்கு வந்தபோது, "மனிதர் யாவரும் இறப்பவர்" என்ற உதாரணத்தில் என் வாய் நின்றுவிட்டது.

"ஏன் கண்ணு நிறுத்திப்போட்ட? அதுல என்ன எழுதியிருக்குது?"

"மனுசங்களைப் பத்திங்கம்மா" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன். அது பொய்யா? நீதான் சொல்ல வேண்டும்.

மார்கழி போய்த் தை வந்தது. யூனிவர்சிட்டிக்கு யாரை அனுப்பலாம் என்று காலேஜில் வைக்கும் செலக்ஷன் பரீட்சை வந்தது. அதில் தேறினால்தான் இண்டர்மீடியட் பரீட்சைக்கே உட்கார முடியும் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளகோவிலில் என்னைப் பெற்ற அய்யன் தோட்டத்தை ஒத்தையாளாகப் பார்க்கிறார். "இந்த வருசம் தேறலைன்னா ஊருக்கு வந்து ஏர் புடி" என்று தீபாவளிக்கே சொல்லியனுப்பிவிட்டார். இது தெரிந்தும் கணக்கு ஒரு பக்கம் கிடந்தது. ஹாஸ்டலில் உட்கார்ந்து போடப் பார்த்தால், வாய் தானாக உன் சரித்திரத்தை முணுமுணுக்கும்.

பரீட்சை ஹாலிலும் அதேதான் நடந்தது. கேள்வித்தாளில் வட்டமும் கோணமும் இருக்கிறது, என் தலைக்குள் ரோமாபுரி வீரர்கள் கப்பல் விடுகிறார்கள். நாலு பதிலைத் தொட்டேன், நாலையும் பாதியில் விட்டேன்.

பெயர்ப் பட்டியல் ஒட்டிய அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் கண் நேராகப் போன இடம் சரித்திரப் பிரிவு. உன் பெயரைத்தான் தேடியிருக்கிறேன். இல்லை என்றதும் மேலிருந்து மறுபடி தேடினேன். அதற்குப் பிறகுதான் நினைவு வந்து, கணக்குப் பிரிவுக்கு வந்தேன். அங்கே நானும் இல்லை.

கணக்கு வாத்தியார் கூப்பிட்டு, "நீ போடாத கணக்கா? உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். ஒன்றும் இல்லீங்க சார் என்று நின்றேன். அவராகவே பிரின்ஸிபாலிடம் பேசி, கணக்கில் மட்டும் மறுபடி ஒரு பரீட்சை வைக்கச் சம்மதம் வாங்கினார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "கணக்குல போயிருச்சுங்கம்மா."

"இத்தன நாளு படிச்சயே கண்ணு?"

"அது இஸ்மாயிலோட பாடமுங்கம்மா. என்னோடது வேற."

"எனக்கு இது தெரியாதே. நீ இனி இங்க வர வேண்டாம். உன்ற பாடத்தைப் படி" என்றார்கள். கோபமா, கருணையா? அந்தக் குரலிலிருந்து எனக்குப் பிரித்தெடுக்க முடியவில்லை. செருப்பை மாட்டுவதற்குள் நாலு தடவை நினைத்தேன், திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று. கேட்கவில்லை.

ஹாஸ்டலில் எனக்குக் கணக்கும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் உன் அத்தா என்னைத் தேடி வந்தார். கடைச்சாவி கையில், வாசலிலேயே நின்றார்.

"தம்பி, ஒரு எட்டு ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க. அவ சரியாச் சோறு திங்கறதில்லைங்க. உங்க கணக்கையே வந்து போடச் சொல்றா."

"கணக்குல சத்தம் வராதுங்களே."

"அதையும் சொல்லிப் பாத்துட்டனுங்க. பரவாயில்லைங்கறா."

போனேன். உன் மேஜையில் உட்கார்ந்து கணக்கைப் பிரித்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் உள்ளிருந்து, "இருக்கியா கண்ணு?" என்று வரும். "இருக்கேனுங்கம்மா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. விசித்திரம் என்னவென்றால், அந்த அறையில்தான் கணக்கு எனக்குத் திரும்ப வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஒரு நாள் ஒரு கணக்கில் அப்படியே மூழ்கிப்போனேன். அம்மா கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. நிழல் விழவும் நிமிர்ந்தேன். திரையை விலக்கி, முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்கிறார்கள். மூச்சு வாங்குகிறது. நம்மைவிடப் பதினைந்து பதினாறு வயதுதான் மூத்தவர்களாக இருப்பார்கள் போல. உன் நெற்றி, உன் கண். எனக்கு எழுந்து நிற்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று புரியவில்லை.

"கூப்பிட்டேன், சத்தமே இல்ல" என்றார்கள்.

"கணக்குப் போட்டுட்டு இருந்தனுங்கம்மா."

என் கையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"அப்பச் சரி" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை. அடுக்களையில் பாத்திரம் புழங்கும் சத்தம் கேட்டது.

மறுபரீட்சை எழுதித் தேறிவிட்டேன். பட்டியலின் அடியில் என் பெயரைப் பேனாவால் சேர்த்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் உன் வீட்டில் நான் யாராக உட்கார்ந்திருந்தேன்? நீயாகவா, நானாகவா? அம்மாவின் துக்கத்தை ஆற்றினேனா, கிளறினேனா? யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

பங்குனியில் யூனிவர்சிட்டி பரீட்சை. உன் சரித்திரப் பேப்பர் நாளன்று எனக்குப் பரீட்சை கிடையாது. அன்று காலையில் மணி அடித்ததும் மற்றவர்கள் ஹாலுக்குள் போகும் நேரத்துக்கு நான் கோட்டைமேட்டில் உன் அறையில் இருப்பேன். சரித்திரத்தைப் படிக்கட்டுமா, சும்மா உட்கார்ந்திருக்கட்டுமா என்று அம்மாவையே கேட்பேன். எதைச் சொன்னாலும் அதைச் செய்வேன், மாப்பிள்ளை. இது சத்தியம்.

என்றும் உன் மச்சான்,
நாச்சிமுத்து