நான் மொழிபெயர்க்காத வாக்கியம்

சகாத்தா, ஜப்பான்
நவம்பர் 12

அன்புள்ள லவெல்,

உங்கள் அம்மா காலமான செய்தியோடு நீங்கள் போட்ட அட்டை போன மாதம் வந்து சேர்ந்தது. இரண்டே வரி. “செப்டம்பர் 27, காலையில். நான் பக்கத்தில் இருந்தேன்.” அன்றைக்கே பதில் எழுதியிருக்க வேண்டும். மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டேன். காரணத்தை இதிலேயே சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எர்னஸ்டீன் அம்மாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. உங்கள் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒன்பது ஆண்டும் தொலைபேசியில்தான் பழக்கம். நீங்கள் இங்கே வந்த முதல் மாதம், உங்கள் கையிலிருந்த போனை எனக்குக் கொடுக்கச் சொல்லி, “நீதான் எம்புள்ளைக்கு அங்க வாயும் காதுமாமே? அப்ப உண்மையச் சொல்லு. சாப்பிடறேன் சாப்பிடறேன்கறானே, நெசமா?” என்று கேட்டார். மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுகிறார் என்றேன். “சரி, வந்த எடை குறையாம திருப்பி அனுப்பு” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரே கேள்வி. “எப்பம்மா அனுப்பப் போற?” இந்த சீசன் முடியட்டும் என்பேன். நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். ஆனாலும் சொன்ன வாய் என்னுடையது.

நேற்று எங்கள் புத்தர் கோயிலுக்குப் போய் அவருக்காக ஊதுபத்தி ஏற்றினேன். தேவாலயத்துக்குப் போகிற அம்மாவுக்கு இப்படிச் செய்யலாமா என்று அங்கிருந்த குருவிடம் தயங்கிக் கேட்டேன். “பேர எப்படி எழுதணும்னு மட்டும் சொல்லும்மா” என்றார்.

ஊர்ச் செய்தி கேட்பீர்கள். பனி இன்னும் விழவில்லை. கடல் காற்று தொடங்கிவிட்டது, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் பாலம் தாண்ட முடிகிறது. நம் கூடைப்பந்து கிளப் பன்னிரண்டு ஆட்டத்தில் ஏழு தோற்றிருக்கிறது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் லிதுவேனியாக்காரர் ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நல்ல பிள்ளை, எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்கிறார். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு, அந்த ரீபவுண்டுக்கு மட்டும் யாரையும் இடித்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்கிறார். மீன்கடை ஒகாத்தா அம்மா இன்னும் கூடையின் பின்னால் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்கிறார். “உசரம் இருக்கு, இடுப்புல வலு இல்ல. எங்க லவெல் ஆறரை அடிதான், ஆனா நின்னா தூணு” என்று பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். என்னைப் பார்த்தால் அவர் கேட்பது ஒன்றுதான். அதைப் பிறகு எழுதுகிறேன்.

முதல் ஆண்டை நினைத்துக்கொள்கிறேன். ஆர்கன்சாவில் நான்கு வருடம் கல்லூரிக்கு ஆடி, அமெரிக்காவின் பெரிய லீக்கின் தேர்வு முகாம் இரண்டிலும் உங்களைக் கழித்துவிட்ட பிறகு, ஒரே ஒரு சீசன் என்று வந்தீர்கள். பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. நடுவர் ஊதும்போதெல்லாம் நீங்கள் அவரிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான் அவரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. “உனக்குக் கண்ணு இருக்கா இல்லையாய்யா” என்பீர்கள். “தாங்கள் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தீர்கள் என்று அறிய விரும்புகிறார்” என்பேன். உங்களை இந்த லீக்கிலேயே பண்பான வெளிநாட்டுக்காரர் என்று நடுவர்கள் சொல்வார்கள். அது தெரிந்த நாளில் பேருந்தில் அரை மணி நேரம் சிரித்தீர்கள். அப்போதே நீங்கள் என்னைக் கண்டித்திருக்கலாம். ஒருவர் சொன்னதை மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கு அப்படித்தான் நல்ல பழக்கமாகத் தோன்றிப் போயிற்று.

ஏழாம் ஆண்டின் கடைசி ஆட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு புள்ளி பின்தங்கி, மூன்று நொடி மீதி, யாரும் தடுக்காமல் எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோ உங்கள் கையில். இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே வந்தன. மேல் பிரிவுக்குப் போகிற வாய்ப்பு அதோடு போயிற்று. யாரும் உங்களைத் திட்டவில்லை, இந்த ஊரில் திட்ட மாட்டார்கள். நீங்கள் கதவருகே போய் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் குனிந்தீர்கள். இரண்டாயிரம் பேர். நானும் பக்கத்தில் நின்று குனிந்துகொண்டே இருந்தேன். ஒகாத்தா அம்மா வந்து உங்கள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, “போதும் விடு. அடுத்த வருஷம் போடு. எங்க போயிடப் போற?” என்றார். அதை நான் ஒரு எழுத்து மாற்றாமல் உங்களுக்குச் சொன்னேன். அந்தக் கோடையில் தைவான் கிளப் பெரிய ஒப்பந்தத்தோடு கூப்பிட்டும் நீங்கள் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். “அந்தம்மா அடிச்ச எடம் இன்னும் வலிக்குது” என்றீர்கள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

மே மாதம் கிளப் அலுவலகத்து மாடி அறையில் நால்வர் உட்கார்ந்திருந்தோம். நீங்கள், நான், மேலாளர், பயிற்சியாளர் குராமொச்சி. உங்கள் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டதாக மேலாளர் சொன்ன பிறகு குராமொச்சி பேசினார். “வெளிநாட்டு ஆளுங்களுக்கு இருக்கறதே மூணு எடம் லவெல். ஆனா நீ இந்த நாட்டுக் குடிமகனா ஆயிட்டா அந்தக் கணக்குல வர மாட்ட. மனு போடு, நாங்க கூட நிக்கறோம். ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் ஜூனியர் டீமப் பாத்துக்க. உன் அமெரிக்க பாஸ்போர்ட்ட விட்டுக் குடுக்கணும், அதான் கஷ்டம். யோசிச்சுப் பாரு.” இதை முழுதாக உங்களுக்குச் சொன்னேன்.

நீங்கள் சன்னல் வழியாகத் துறைமுகத்துப் பாரந்தூக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும், ஒத்துக்குவாங்க. ஒரு வருஷம் ஆடாம உக்காரணும்னாலும் உக்காருவேன். இங்க யாருக்காவது நான் வேணும்னா, இருந்துடறேன்.” கடைசி வாக்கியத்தை அவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

நான் அவர்களிடம் சொன்னது இது: “அம்மாவிடம் பேசிவிட்டு யோசித்துச் சொல்கிறாராம்.”

இந்த ஊரில் யோசித்துச் சொல்கிறேன் என்றால் யாரும் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். மனம் நோகாமல் வேண்டாம் என்பதற்கு அதுதான் வழி. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியும். குராமொச்சி தலை குனிந்து, “புரியுது” என்றார். நான் உங்கள் பக்கம் திரும்பி, புரிகிறது என்கிறார் என்றேன். நீங்கள் மூன்று வாரம் அவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தீர்கள். நீங்கள் மறுத்துவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விமான நிலையத்தில், “யாரும் ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூசுகிறது.

ஏன் அப்படிச் செய்தேன்? இரண்டு காரணம் இருக்கிறது, எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதற்கு முந்தைய ஞாயிறு உங்கள் அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். “இப்பல்லாம் மாடிப்படி ஏற முடியல கியோமி. அவங்கிட்டச் சொல்லிடாத, பதறிடுவான். இந்தத் தடவ மட்டும் அனுப்பி வெச்சிரும்மா.” இது ஒன்று. மற்றது அந்த ‘யாருக்காவது’. அதை எங்கள் மொழியில் சொல்ல நான் வாய் திறந்திருந்தால், முதலில் பதில் சொல்ல வேண்டியவள் நானாக இருந்திருப்பேன். ஒன்பது ஆண்டு எல்லோருடைய பேச்சையும் பேசிவிட்டு, என் பேச்சு என்று ஒன்று வந்தபோது எனக்கு நாக்கு எழவில்லை.

உங்கள் அட்டையில் ‘நான் பக்கத்தில் இருந்தேன்’ என்று படித்ததும் ஒரு கணம் மனம் லேசானது. பார், நீ செய்தது நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்த என்னை நினைத்து வெட்கப்பட்டேன். அந்த மூன்றரை மாதம் உங்களுக்கும் அம்மாவுக்கும் உரியது, நான் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. மாடிப்படி விஷயத்தைச் சொல்லியிருந்தால் நீங்களே கிளம்பியிருப்பீர்கள். போகிறேன் என்று நீங்கள் சொல்லிப் போயிருப்பீர்கள். இங்கே யாருக்கும் நான் வேண்டாம் என்ற நினைப்போடு போயிருக்க மாட்டீர்கள்.

உங்கள் அட்டை வந்த வாரமே குராமொச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “அவன் கோவத்த எல்லாம் நீ முழுங்கிட்டுத்தான் எங்களுக்கு மிச்சத்தக் குடுத்தேன்னு தெரியும். இதையுமாம்மா முழுங்கின?” என்றார். கயிற்றை விட்டுவிட்டு, “எழுது. மே மாசம் நான் சொன்ன எடம் அப்படியேதான் இருக்குன்னு எழுது. வருஷம் முடியறதுக்குள்ள சொல்லச் சொல்லு” என்றார். அன்றைக்கே என் வேலையை விட்டுவிட்டேன். அவர்கள் போகச் சொல்லவில்லை, நான்தான் விட்டேன். செண்டாய் நகரத்திலிருந்து புதிய மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறார். திட்டினால் திட்டாகவே சொல்கிறாராம். நடுவர்கள் கலங்கிப் போயிருக்கிறார்கள். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன்.

இதோடு கிளப்பின் கடிதம் இருக்கிறது, முத்திரையோடு, எங்கள் மொழியில். நான் அதை மொழிபெயர்த்து வைக்கவில்லை. உங்கள் ஊர் லிட்டில் ராக்கில் ஜப்பானிய மொழி தெரிந்தவர் யாராவது இருப்பார், அவரிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒகாத்தா அம்மா கேட்பது என்னவென்று பிறகு எழுதுவதாகச் சொன்னேன். “அவர அனுப்பிட்டு நீ எதுக்கு இப்படி எளைச்சுக் கெடக்க?” அதைத்தான் பார்க்கிற போதெல்லாம், கடை நிறைய ஆள் இருக்கும்போது, மீனின் செதிலை எடுத்துக்கொண்டே கேட்கிறார். எடை போட்டுக் கொடுங்கள் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நீங்கள் அன்று ‘யாருக்காவது’ என்று என்னைப் பார்த்துக் கேட்டதற்கான பதில் கிளப் கடிதத்தில் இருக்காது. அது என் கடிதத்தில் இருக்க வேண்டியது. எழுதிப் பார்த்தேன். நான்கு தாள் வீணானது.

அம்மாவின் வீட்டிலேயே இருப்பது என்று முடிவு செய்தால் அதில் ஒரு குறையும் இல்லை. கோபத்தால் அப்படி முடிவு செய்தாலும் குறையில்லை. அந்தக் கோபத்தை உங்கள் வாயால் என்னிடம் சொல்லுங்கள், ஒரு சொல்லும் மாற்றாமல் கேட்டுக்கொள்கிறேன். இடது முழங்காலைக் கவனியுங்கள். அம்மாவின் படுக்கை அறையைக் கொஞ்சநாள் மூடாமல் வையுங்கள், வெயில் படட்டும்.

வருவது என்று முடிவானால் கிளப்பிலிருந்து விமான நிலையத்துக்கு வண்டி அனுப்புகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வகுப்பு கிடையாது. எந்த வெள்ளி என்று மட்டும் எழுதுங்கள்.

நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,
கியோமி சதாகே