சங்கிலி கிடைத்துவிட்டது

யாங்டோலின் அப்பாவுக்கு,

கட்டுப் போட்ட கால் எப்படி இருக்கிறது? கணவாயில் சறுக்கிப் பாறையில் மோதிய நம் வண்டியை என் தம்பி தார்ச்சின் இழுத்து வந்து சரிசெய்துவிட்டான். லே ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும், "என் பனிச்சங்கிலியைத் தூக்கிட்டுப் போன திருட்டுப் பயலே" என்று அவனைத் திட்டினீர்களாம். அவன் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.

இன்று அவன்தான், பனியில் சறுக்காமலிருக்கச் சக்கரத்தில் சங்கிலி மாட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு ஒரே ஜோடிதான் இருக்கிறது, எதில் மாட்டுவது என்று கேட்டேன். "இறக்கத்துல வண்டி திரும்பணும்ல அக்கா, முன்சக்கரத்துல மாட்டு. உள்கொக்கி முதல்ல. கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி இறுக்கு" என்றான். குளிரில் என் விரல்கள் மரத்துப்போனதும் உப்புத் தேநீர் கொடுத்தான். சங்கிலி எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கவில்லை.

விபத்து நடந்த அன்று காலை சங்கிலிக்காக வீட்டையே புரட்டித் தேடினீர்கள். "பனி கொட்டுதே, இன்னிக்குப் போகாதீங்க" என்று கெஞ்சினேன். சங்கிலி இல்லாவிட்டால் கிளம்பமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்களோ அது இல்லாமலே கிளம்பிவிட்டீர்கள்.

நாளை நானே ஓட்டி வருகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், தார்ச்சினைத் திட்டாதீர்கள். சங்கிலி என் சீதனப் பெட்டியில், கல்யாணப் பட்டுக்கு அடியில் இருந்தது. பெண்டாட்டியின் பெட்டியை ஆண் திறக்கக் கூடாதென்று, நீங்கள் அதில் மட்டும் தேடவில்லை.

உங்கள் வீட்டுக்காரி