படத்தில் இல்லாத நாற்றம்

மீமிசல்
3.2.2025

அன்புள்ள பேரன் வசந்தகுமாருக்கு அப்பத்தா எழுதிக்கொண்டது. நான் சுகம். போனில் நீ பேசுவது எனக்கு இரைச்சலாகத்தான் கேட்கிறது. அதனால் காகிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் தங்கச்சி இலக்கியா புதுக்கோட்டையில் பேங்க் வேலையில் சேர்ந்துவிட்டாள். பரீட்சையில் நாலாவதாக வந்தாளாம். உன் அத்தை மகள் தேவிப்ரியா நர்சிங் முடித்து மெடல் வாங்கியிருக்கிறாள். உன் தம்பி கோபிநாத் கணக்கில் தொண்ணூற்றாறு எடுத்து என்ஜினியரிங் சேர்ந்து முதல் செமஸ்டரும் பாஸ். நீ சினிமாவே எடுத்துவிட்டாய். பஸ் ஸ்டாண்டில் உன் பேர் போட்ட போஸ்டரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, பக்கத்தில் நின்ற மீன்காரியிடம் என் பேரன் என்றேன். கதாநாயகனா என்று கேட்டாள். அவனுக்கே சொல்லிக்கொடுக்கிறவன் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அம்மாவும் கோபியும் புதுக்கோட்டைக்குப் போய்ப் படம் பார்த்தோம். பட்டாளத்துக்குப் போய் மலைச் சண்டையில் செத்த உன் சித்தப்பன் ஆத்மநாதன் கதை, சண்டையே கூடாது என்று சொல்லத்தான் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தாய். ஆத்மநாதனாக வருகிறவன் மேல்சட்டை இல்லாமல் பனியில் ஓடுகிறான். தோளெல்லாம் எண்ணெய் தடவினாற்போல மினுங்குகிறது. அவன் சுடும்போது பின்வரிசையில் விசில். குண்டடிபட்டு அவன் கீழே விழ ஒரு பாட்டு நேரம் ஆகிறது. பனி மேல் ரத்தம் குங்குமம் சிந்தினாற்போலக் கிடக்கிறது. அதற்கும் விசில். எனக்குக் குமட்டியது. பாப்கார்ன் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை போல என்று உன் அம்மா சோடா வாங்கிவந்தாள்.

பிறகு பெட்டி வருகிறது. மூடியைத் திறக்கிறார்கள். பிள்ளை தூங்குகிறவன் மாதிரி படுத்திருக்கிறான், தலைமுடிகூடக் கலையவில்லை. ஆத்தாக்காரி அவன் வாயில் வாய்க்கரிசி போடுகிறாள். தியேட்டரே அழுதது. நான் அழவில்லை. அந்த முகம் உனக்கு எங்கே கிடைத்தது?

மறுநாள் விடியலிலிருந்து கோபி கடற்கரை ரோட்டில் ஓடுகிறான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். படிப்பை விட்டுவிட்டுப் போகப் போகிறானாம். குவைத்தில் இருக்கிற உன் அப்பன் போனில் திட்டினதற்கு மசியவில்லை. நீ சொன்னால் கேட்பான். சொல்லு.

இப்படிக்கு,
அப்பத்தா அழகி

சென்னை
10.2.2025

அன்புள்ள அப்பத்தாவுக்கு வசந்தின் வணக்கம்.

நீங்கள் தியேட்டர் வரைக்கும் போய்ப் பார்த்ததே எனக்குப் பெரிது. படம் பிடிக்காமல் போனதில் வருத்தம்தான். ஆனால் இங்கே படம் பார்த்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். ஒரு கல்லூரியில் ஒரு பெண் எழுந்து, இனி யாராவது சண்டை வேண்டும் என்று பேசினால் சட்டையைப் பிடிப்பேன் என்றாள். விசில் அடிக்கிறவன் எதற்கும் அடிப்பான் அப்பத்தா, அவனைக் கணக்கில் வைக்காதீர்கள்.

முகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சித்தப்பா செத்தபோது எனக்கு நாலு வயது. கூட்டமும் கொடியும்தான் ஞாபகம். அன்றைக்கு என்ன நடந்தது என்று நம் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை, நீங்களும்தான். பார்க்கிறவன் மனசு உடைய ஒரு முகம் வேண்டும். அதனால் வைத்தேன்.

கோபிக்கு இது வயசுக் கோளாறு. பத்து நாள் ஓடினால் கால் வலித்து நிறுத்திவிடுவான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வசந்த்

மீமிசல்
17.2.2025

வசந்தகுமாருக்கு,

சொன்னதில்லை என்றாய். இப்போது சொல்கிறேன்.

உன் சித்தப்பன் மலைச்சரிவில் பதினொரு நாள் கிடந்தான். அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள். திருச்சியிலிருந்து பெட்டி வேனில் வந்தது. ஆடி வெயிலில் ஐஸ் கரைந்து பெட்டி மூலையில் தண்ணீர் ஒழுகியது. மஞ்சத் தண்ணீர். வேன் நம் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிட்டது. திறக்கக் கூடாது என்று கூட வந்த ஆபீசர் சொன்னார். திறக்கச் சொல்லி அங்கே யாரும் கேட்கவும் இல்லை.

எதிர்வீட்டு மூக்கன் ஒரு முனையைத் தோளில் வாங்கினான். அன்றைக்குப் போட்டிருந்த சட்டையைக் கொளுத்திவிட்டான். சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டார்கள். அது வேறு சேர்ந்து இன்னும் மோசமானது. சொந்தக்காரர்கள் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்கள். மூக்கன் என்னிடம், "தள்ளி நில்லுக்கா, தண்ணி ஒழுகுது" என்றான். நான் தள்ளி நின்றேன் வசந்தா. பெற்றவள் நானே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேன். வாய்க்கரிசியை மூடி மேல் போட்டோம். ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டு வருசம் நம் வீட்டில் கருவாடு வாங்கவில்லை.

எனக்கே பார்க்கக் கிடைக்காத முகத்தை நீ டிக்கெட் போட்டுக் காட்டுகிறாய். ஜனம் அழுதது என்கிறாய். அழுதுமுடித்து எதிர்க் கடையில் பரோட்டா தின்றது. கோபி மூன்று தின்றான். என் வீட்டில் பெட்டி வந்த அன்றைக்கு உலை வைக்கவில்லை.

இதையெல்லாம் நேற்றுக் கோபியை உட்காரவைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்ப வசதி இல்ல அப்பத்தா. இப்பல்லாம் பதப்படுத்தித்தான் அனுப்புவாங்க" என்கிறான்.

இனி நான் சொல்லிப் பயனில்லை. நீ காட்டினது பொய் என்று நீயே அவனிடம் சொல்லு.

அப்பத்தா

சென்னை
2.3.2025

அப்பத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை.

கோபியிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அந்த முகம் பொய், மேக்கப் போடுகிற கண்ணுசாமி அண்ணன் பாதி நாள் உட்கார்ந்து செய்தது என்றேன். அவன் சிரித்தான். "தெரியும்ண்ணே, சினிமாதானே. ஆனா அப்படி ஒரு சாவு வந்தா ஊரே நம்மளப் பாக்கும்ல" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் சொன்னதை முன்னாலேயே கேட்டிருந்தாலும் என்னால் சரியாக எடுத்திருக்க முடியுமா, தெரியவில்லை. நாற்றத்தைப் படம் பிடிக்க முடியாது. மூக்கை மூடுகிற ஆட்களைக் காட்டலாம் என்றால் அவர்கள் மேல் ஒரு வெளிச்சம் வைக்கவேண்டும், பின்னால் ஒரு இசை சேர்க்கவேண்டும். வைத்தவுடன் அதுவும் அழகாகிவிடுகிறது. போகாதே என்று சொல்லத்தான் எடுத்தேன். என் தம்பிக்கு அது வா என்று கேட்டிருக்கிறது. எப்படித்தான் எடுத்திருக்க வேண்டும் அப்பத்தா?

வசந்த்

மீமிசல்
14.12.2025

வசந்தகுமாருக்கு அப்பத்தா எழுதுவது.

இத்தனை மாசம் பதில் போடவில்லை. கோபம்தான். கை நடுக்கம் என்று உன் அம்மா உன்னிடம் சொன்னது பொய்.

கோபி பட்டாளத்துக்குத் தேறிப் போய்விட்டான், உனக்குத் தெரியும். வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டில் பையன்கள் உன் படத்துப் பாட்டைப் போட்டார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். உடம்பு உன் நடிகனுடையது, தலை நம் பிள்ளையுடையது. பஸ் போன பிறகு நான் போய் அதைக் கிழித்தேன். இலக்கியா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அப்பத்தா, எல்லாரும் பாக்குறாங்க." பார்க்கட்டும் என்று மிச்சத்தையும் கிழித்தேன்.

இப்போதெல்லாம் உன்னைப் பற்றி யாராவது கேட்டால், சென்னையில் வேலை பார்க்கிறான் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் கோபி போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். துப்பாக்கியோடு நிற்கிறான். தாடையைத் தூக்கிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, உன் படத்தில் நின்றவன் மாதிரியே. பிரேம் போடலாம் என்று உன் அம்மா கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். அதில் இருக்கிறவனை எனக்குத் தெரியாது.

எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தாய். அஞ்சாவது படித்தவளுக்கு என்ன தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன். வீட்டு ஆட்களைப் பார்க்க விடுகிற நாள் எது என்று விசாரித்துக்கொண்டு அவன் இருக்கிற இடத்துக்குப் போ. பெரிய கேமரா வேண்டாம், போன் போதும். நீ எடுப்பது அவனுக்குத் தெரியக் கூடாது. சோறு தின்னும்போதோ, துணி துவைக்கும்போதோ, சும்மா கொட்டாவி விடும்போதோ ஒன்று எடு. அந்தப் பயலுக்கு வீட்டு நினைப்பு வந்து மூக்கு ஒழுகினாலும் அப்படியே எடு, துடைக்கச் சொல்லாதே. வெளிச்சம் கிளிச்சம் வைக்காதே. அதைக் கழுவி எனக்குத் தபாலில் அனுப்பு.

அப்பத்தா