சுண்ணாம்பு அடித்த கடல்

இன்று காலை வேனைக் கழுவும்போது, ஸ்டியரிங்குக்கு மேலே நீ ஒட்டிவைத்த போட்டோ பெயர்ந்து என் விரலோடு வந்துவிட்டது. ராமேஸ்வரத்துக்கு முன்னால் மண்டபம் பக்கம் கண்ணாடிப் படகில் போனபோது நீ எடுத்தது. தண்ணீருக்கடியில் வெள்ளை வெளேரென்று பவளப்பாறை. தூக்கிப் போட மனமில்லை, உடனே திரும்ப ஒட்டவும் கை வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நினைவிருக்கிறதா? உத்திரமேரூரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு வேன் ஜனம், நல்ல மே மாத வெயில். நீ வண்டி ஓட்டினாய். சாப்பாடும் தங்கலும் வழக்கம்போல என் பாடு. தீர்த்தமாடிய ஈரத்துணிகளை வேன் ஜன்னலில் காயப்போட்டுக்கொண்டே படகுத்துறைக்குப் போனோம். படகின் அடிக்கண்ணாடியைச் சுற்றி எல்லோரும் குனிந்தார்கள். ஏரியை மட்டுமே பார்த்துப் பழகிய நம் ஜனத்துக்கு, அந்த வெள்ளை பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவராகத்தான் தெரிந்தது.

"இன்னாடா இது, கடலுக்கே புதுசா சுண்ணாம்பு அடிச்சிக்கீறாங்க!" என்று கத்தினாய். படகே சிரித்தது. நான் கைகூடத் தட்டினேன்.

உன் வருஷத் திதிக்கு நாளை ராமேஸ்வரம் போகிறோம். படகு ஓடுகிறதா என்று கேட்க, அதே படகுக்காரருக்கு முந்தாநாள் போன் செய்தேன். முன்போல ஆள் வருவதில்லை என்றார். கடல் சூடேறிப் பாறை அடிக்கடி வெளுக்கிறதாம். செத்த இடத்தில் பாசி படர்ந்துவிட, பார்க்க வருகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்களாம்.

"அன்னிக்கு வெள்ளையா, அவ்ளோ நல்லா இருந்துச்சே?" என்றேன்.

"அது சூடு தாங்காம சாகக் கெடந்த வெள்ளைண்ணே. பழுப்பும் பச்சையுமா இருந்தாத்தான் உசுரு இருக்குன்னு அர்த்தம். உங்க டிரைவர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, சொல்லிராதீங்கன்னு கையைப் புடிச்சிக்கிட்டாரு."

அப்படியென்றால், உனக்குத் தெரியுமா? தெரிந்துமா அந்தப் போட்டோவைக் கண்ணெதிரே ஒட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டினாய்? அழகென்றா, பாவம் என்றா? நெஞ்சுவலியையும் இப்படித்தானே டூர் முடியட்டும் என்று என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாய். ஏரி வற்றினால் எனக்குப் புரிகிறது. அவ்வளவு பெரிய கடலுக்கு எப்படிக் காய்ச்சல் வரும்? நாம் விட்ட டீசல் புகைக்கும் அதில் பங்குண்டு என்கிறார்கள். அப்படியானால் நான் எதற்குக் கைதட்டினேன்? கோபம் உன்மேலா என்மேலா என்றுகூடத் தெரியவில்லை.

காலையில் ஈரக்கையில் போட்டோவோடு நின்றபோது உன் மனைவி வந்தாள்.

"திதி முடிஞ்சதும் அந்த வெள்ளைப் பாறைய ஒரு தபா பாத்துட்டு வரணும்ணா. எப்பவும் அத்தப் பத்தியே பேசிக்கினு இருப்பாரு. இன்னும் அப்பிடியேதான கீது?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பிடியேதாம்மா கீது," என்றேன். நீ படகுக்காரரின் கையைப் பிடித்தது அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

போட்டோவை இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன். நாளை அவளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காரவைப்பேன். நான் சொன்னது பொய்யாகப் போகட்டும், அவள் குனியும்போது கொஞ்சமாவது உயிருள்ள பழுப்பு தெரியட்டும் என்று உன்னைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.