மோட்டார் வேண்டாம் என்றாய்

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது அந்த மோட்டார் வைண்டர் கையில் கிடைத்தது. பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கேமராவின் அடியில் மாட்டிவிட்டால், ஒரு படம் எடுத்ததும் அடுத்த படத்துக்கு ஃபிலிமைத் தானே நகர்த்தும் கருவி. உனக்காகத்தான் வாங்கினேன். நீ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அதைத் தொட்டாய்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரே பிரஸ் ஷாப்பில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றோம். ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கினோம். ஒரு வாரம் உன்னிடம், ஒரு வாரம் என்னிடம். போன் இருக்கும்போது ஃபிலிம் எதற்கு என்று கேன்டீனில் சிரித்தார்கள். "முப்பத்தாறு படம்தான். அதனால ஆளப் பாத்து எடுப்பேன்" என்பாய்.

காய்ச்சல் என்று சொல்லி நான் லீவு போட்ட ஒரு நாள், என் மெஷினில் உன்னை நிறுத்தினார்கள். உன் வலது கட்டைவிரல் போனது.

இரண்டு மாதம் கழித்து கேமராவைக் கையில் எடுத்தாய். ஆள்காட்டி விரலால் பட்டனை அழுத்த முடிந்தது. ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளத்தான் கட்டைவிரல் இல்லை. மடியில் சாய்த்து இடது கையால் தள்ளிப் பார்த்தாய். பிறகு கேமராவை என்னிடம் நீட்டி, "இனிமே நீயே வச்சிக்கோ" என்றாய்.

மறுநாளே அலைய ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் மோட்டார் வைண்டர் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு, உன் தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் புதுவாயல் சர்ச்சுக்குப் போனோம். ஜெபத்துக்கு நடுவில் நீ பட்டனை அழுத்தியதும் 'கிர்ர்' என்றது. தலையில் தண்ணீர் ஊற்றியபோது அழாத குழந்தை அந்தச் சத்தத்துக்கு வீறிட்டது. பாதிரியார் நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் கழற்றினாய். "இது வேணாம்டா. எடுத்த மூஞ்சிய மனசுல வாங்கறதுக்குள்ள அடுத்ததுக்கு இழுத்துக்கினு போவுது."

"கைக்கு செரமம் இல்லல்ல?"

"என் கையப் பத்தி நீ இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார் ஆவுற? பேட்டரி போட்டு அத்த சரி பண்ணப் பாக்காத."

நான் வைண்டரை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மோட்டார் இல்லாத வைண்டரை நீயேதான் தேடிப் பிடித்தாய். அதுவும் அடியில் மாட்டுவதுதான். கீழே ஒரு கொக்கி. இடது கை விரலால் இழுத்தால் ஃபிலிம் நகரும். சோழவரம் ஏரிக்கரையில் உட்கார்ந்து பழகினாய். வேகமாக இழுத்ததில் இரண்டு ரோல் கிழிந்தது. மூன்றாவது ரோலில் முப்பத்தாறும் வந்தன. அன்று எனக்கும் சேர்த்து நீயே பிரியாணி வாங்கினாய். அதற்குப் பிறகு நான்கு வருடம், மாரடைப்பில் நீ போய்ச் சேரும்வரை, அந்தக் கொக்கிதான்.

சர்ச் வாசலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் இல்லை. லீவு போட்ட அன்று திருநின்றவூரில் மனை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனையில்தான் வீடு கட்டினேன். புதுமனை புகுவிழாவுக்கு நீதான் படம் எடுத்தாய். "தலைய தூக்குடா, ஊட்டுக்காரா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். பந்தல், பால் பானை, உறவினர்கள் என எல்லாம் தெளிவாக வந்திருக்கிறது. ஒரு படத்திலும் என் கண் தெரியவில்லை. எல்லாவற்றிலும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.