பெட்டி கழற்றும்வரை சண்டை

என்னங்க,

மார்பில் ஒட்டிய வயர்களும் இடுப்பில் பெட்டியுமாகக் காய்கறி வாங்கப் போகிறேன். சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்க்காரர் வந்தால் கதவைத் திறந்து விடுங்கள்.

டாக்டரம்மா சொன்னதை நீங்களும்தானே கேட்டீர்கள்?

“குளிக்காதீங்க. மத்தபடி எப்பவும்போல இருங்கம்மா. தலைசுத்தல் வரும்போது இதயத் துடிப்பு எப்படி மாறுதுன்னு பெட்டி பதிஞ்சுக்கும்.”

“சண்டை போடலாமா?”

“எப்பவும் போடுவீங்கன்னா தாராளமா போடுங்க.”

நீங்களோ நேற்றிலிருந்து டிவி சத்தத்தைக் குறைக்கிறீர்கள், என் துணியை மடிக்கிறீர்கள், “களைப்பா இருக்கா?” என்கிறீர்கள். இப்படியே போனால் யாரோ ஒரு பாக்கியசாலியின் துடிப்புதான் பதிவாகும். என் நோய் தப்பித்துவிடும்.

நான் திரும்பியதும், “இவ்வளவு நேரமா?” என்று கத்துங்கள். நாளை பெட்டியைக் கழற்றிய பிறகு இருவரும் சேர்ந்து பயப்படலாம்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நீங்கள் கழுவிய டம்ளரில் ஒரே சோப்பு வாடை. நான் ஆரம்பித்துவிட்டேன், மிச்சம் உங்கள் பொறுப்பு.