செவ்வாய், வியாழன் மாலை வகுப்பு

ஜூன் 9, திங்கள்

மின் பொறியியல் முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். இன்று தரைக்கு இறக்கிவிட்டார்கள். எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் படிக்கப்போகிறேன் என்று இரண்டு வருடத்துக்கும் திட்டம் போட்டு இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டுமாம்.

இதென்ன பிரமாதம்? துணை மின் நிலையத்தில் எந்த லைனைப் பராமரிப்புக்கு எப்போது நிறுத்துவது என்று வருடம் முழுக்க அட்டவணை போடுகிறவள் நான். அதே மாதிரி பெரிய தாளில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வேலை, வகுப்பு, சமையல் எல்லாம் பென்சிலில்.

வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "இதுல நான் எங்க இருக்கேன்?"

"ஸ்டாண்ட்பை. செவ்வாய், வியாழன் சாயங்காலம் மட்டும் ஃபுல் லோடு."

அந்த இரண்டு நாளும் ராத்திரிச் சமையல் அவர் தலையில். பாவம் மனுஷன்.

ஜூன் 11, புதன்

செவ்வாய், வியாழனில் இருப்பது மின் பாதுகாப்புப் பாடம். முழுக்க ரிலே. எங்கேயாவது கோளாறு வந்தால் எந்த லைனைத் துண்டிப்பது என்று முடிவெடுக்கிற கருவி. இத்தனை வருடமாக அதில் அளவு வைக்கிறேன். ஏன் இந்த எண் என்று பயிற்சிக்கு வந்த பெண் ஒருநாள் கேட்டாள். "மேனுவல்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. விண்ணப்பம் போட்டதே அதனால்தான்.

ஜூன் 12, வியாழன்

தண்ணீர் எடுக்கப் போன மகள் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அம்மா. இது என் கிளாஸ்."

அதே கல்லூரியில்தான் அவளுக்குக் கடைசி வருடம். இது இளநிலைக்கும் முதுநிலைக்கும் பொதுவான பாடமாம். சத்தியமாக எனக்குத் தெரியாது.

"அதனால என்ன?"

"என்னவா? நீ கை தூக்கி சந்தேகம் கேப்ப. என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி 'சாப்பிட்டியா'ன்னு கேப்ப. ஸ்கூல் ஆண்டு விழாவுல மைக் சரியில்லன்னு மேடை ஏறின ஆளாச்சே நீ!"

மைக் நிஜமாகவே சரியில்லை. சரி செய்ததும் நான்தான். சொன்னால் இன்னும் எகிறுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவோடு மட்டும்தான் பேச்சு.

ஜூன் 15, ஞாயிறு

மின் பாதுகாப்பைக் கட்டத்திலிருந்து அழித்துவிட்டேன். அது அவள் இடம். நான் போய் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும்? அடுத்த வருடம் அவள் வெளியே போனதும் எடுத்துக்கொள்ளலாம். இப்போதைக்குத் திங்கட்கிழமை மாலையில் ஆண்டெனா பாடம். கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்த்தேன். மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபியூஸ்'. கோபம் வந்தால் பட்டென்று போய்விடுவாராம்.

"ரிலே டெஸ்டிங்ல இருக்கீங்க. உங்களுக்கு ஆண்டெனா எதுக்கு?"

"திங்கட்கிழமை வசதியா இருக்கு, சார்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. லைனை நிறுத்த நாள் பார்க்கிற மாதிரி பாடத்துக்கும் நாள் பார்த்திருக்கிறேன்! மின் பாதுகாப்பை அடுத்த வருடம் எடுக்கப்போவதாகச் சமாளித்தேன்.

"அது ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் கிடையாது" என்றார். ஃபியூஸ் போகவில்லை. போயிருந்தாலாவது தேவலை.

பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. இந்த வயசுல, ஒரு பாடத்துக்காக — யார்கிட்ட போய்ச் சொல்றது? ஆனா எனக்கு அதுதானே வேணும். அது ஒண்ணுதானே.

ஜூன் 19, வியாழன்

"ஆண்டெனாவா? எதுக்கு, மொட்டை மாடில போய் நிக்கப்போறியா?" என்றாள் மகள், ஒரு வாரத்துக்குப் பிறகு வாய் திறந்து.

'உனக்காகத்தான்டி' என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஸ்டாண்ட்பைதான் லோடு எடுத்தது. நான் குளிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் உளறிவிட்டார். திரும்பி வந்தால் அவள் கையில் ரப்பரும் பென்சிலும்; கட்டத்தில் மறுபடி மின் பாதுகாப்பு.

"கண்டிஷன். கிளாஸ்ல நீ யாரோ, நான் யாரோ. கடைசி பெஞ்ச். கை தூக்கக் கூடாது. நானும் அம்மான்னு கூப்பிட மாட்டேன்."

"சரிங்க மேடம்."

ஜூன் 20, வெள்ளி

கொடுத்தாச்சு.

ஜூலை 8, செவ்வாய்

முதல் வகுப்பு. பாடம் நடத்துவது ஃபியூஸ்தான். ஏதோ தூணைத் தாண்டிப் போகிற மாதிரி என்னைத் தாண்டிப் போனாள். முடியும்போது மழை. அவள் குடை என் பையில்தான் இருந்தது. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்து என்னையே முறைக்கிறாள்.

ஜூலை 17, வியாழன்

முதல் தேர்வு. இருபதுக்கு ஆறு. கணக்கெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. அவள் பதினெட்டு. சாப்பிடும்போது அப்பாவும் மகளும், "மேடம், இன்னும் ஆறு ஸ்பூன் போடட்டுமா?"

சிரித்துவைத்தேன்.

ஜூலை 31, வியாழன்

ஃபியூஸ் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுவிட்டார். கோளாறு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று ரிலே எப்படிக் கண்டுபிடிக்கிறது — அதற்கான சமன்பாடு. நாலு வரி எழுதினேன். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பேசாமல் நின்றால் எங்கேயோ தப்பு. எங்கே? மேலிருந்து கீழே தேடுகிறேன், கண்ணில் படவே இல்லை. யாரோ கிசுகிசுவென்று சிரித்தார்கள்.

"அம்மா! மைனஸ்! கரன்ட்டுக்கு முன்னாடி மைனஸ்மா!"

வகுப்பே திரும்பியது. என் பக்கம் இல்லை, அவள் பக்கம். எழுந்து நின்றிருந்தாள். ஒரு நொடி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, சிரித்தவன் பக்கமாகத் திரும்பி, "எங்கம்மாதான். என்ன இப்போ?" என்றாள்.

மைனஸ் போட்டேன். அது இல்லாவிட்டால் ரிலே முன்னால் பார்க்காமல் பின்னால் பார்க்கும். இதை எந்த மேனுவலிலும் பார்க்காமல் இனி நான் சொல்வேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அவள் தோழிகள் கும்பலாக நிற்கிறார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "சாப்பிட்டியா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

"இல்லம்மா, பசிக்குது" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.